அங்கேயே நில்லு

அந்தா ஜன்னலோரத்துல ரெட்டைச் சடை போட்டு ஒரு பிள்ளை உக்காந்திருக்கா பாருங்க, அது என் மகதான் சார். பக்கத்துல இருக்கிறது என் வீட்டுக்காரி. அவ மேல சாஞ்சு கிடக்கிறவன் என் பையன். நாலு சீட்டும் சேர்ந்தாப்பலதான் போட்டேன். நாலாவதுல உக்காந்திருக்காரே ஒருத்தரு, அவரு யாருன்னு எனக்கே தெரியாது. எழும்பூர்ல ஏறினதும் என் வீட்டுக்காரி அவருகிட்ட என்னமோ சொன்னா. அவரு அங்க உக்காந்துட்டாரு, அவரு சீட்டுக்கு நான் வந்துட்டேன். அவ்வளவுதான். சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது.

நீங்க கேட்டீங்களேன்னு சொல்றேன். மெட்ராஸ் எப்படி இருந்துச்சுன்னுதானே கேட்டீங்க?

நான் பி.டி. மாஸ்டர் சார். திருமங்கலம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். வருசா வருசம் பிள்ளைகளை டூர் கூட்டிட்டுப் போறது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். கன்னியாகுமரி, ஊட்டி, மைசூர் வரைக்கும் போயிருக்கேன். ரெண்டு பஸ் பிள்ளைக. ஒரு பிள்ளை தொலைஞ்சது கிடையாது. ஹெட்மாஸ்டரே சொல்லுவாரு, சௌந்தரபாண்டியன் போறாருன்னா பெத்தவங்க நிம்மதியாத் தூங்கலாம்னு. அப்படிப்பட்ட ஆளுக்கு, சொந்தப் பொண்டாட்டி பிள்ளைக நாலே பேரைக் கூட்டிட்டுப் போறது பெரிய விசயமா? என்னையும் சேர்த்துத்தான் நாலு.

ஆனா ஒரு கூட்டத்துல ஒருத்தருதான் தலைமை இருக்கணும். என் வீட்டுல அதுதான் பிரச்சினை. ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுவாங்க. அதனால கிளம்பும்போதே சொல்லிட்டேன். எல்லாச் சாமானும் என் தோள்பையில இருக்கட்டும். உன் மணிபர்ஸைக் கொடு, உன் போனைக் கொடு, தம்பியோட மருந்தைக் கொடு. மெட்ராஸ்ல கூட்டத்துல கையில இருந்து பிடுங்கிட்டுப் போயிருவான். தமயந்தி, அதான் என் வீட்டுக்காரி, "போனாவது எங்கிட்ட இருக்கட்டுமேங்க"ன்னா. எதுக்கு? எங்கூடத்தானே வரப்போற? அவ போனை வாங்கி அணைச்சு வச்சேன். ரெண்டு போனும் ஒரே நேரத்துல சார்ஜ் தீர்ந்துடக்கூடாது பாருங்க. இதெல்லாம் அனுபவம்.

பையனுக்கு வீசிங் இருக்கு சார். முகிலன்னு பேரு, ஒண்ணாம் வகுப்பு. தூசி பட்டா, குளிர் காத்து பட்டா இழுக்கும். அந்த இன்ஹேலரை வச்சு ரெண்டு தடவை உறிஞ்சினா சரியாயிரும். ஆனா எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நான் எத்தனை பிள்ளைகளைப் பாத்திருக்கேன். ஓடினாத்தான் நுரையீரல் விரியும். சும்மா சும்மா மருந்தைக் கொடுத்தா உடம்பு அதுக்குப் பழகிப்போயிரும். இதை டாக்டருங்க சொல்ல மாட்டாங்க.

நேத்துக் காலையில சூரியன் உதிக்கிறதுக்கு முன்னாடியே மெரினா. பிள்ளைக தூங்கி வழிஞ்சதுக, நான் எழுப்பினேன். சூரியன் கடல்ல இருந்து ஏறி வர்றதை எத்தனை பேரு பாத்திருப்பான்? பையன் மணல்ல உக்காந்து நண்டு வளையைத் தோண்டிக்கிட்டு இருந்தான், சூரியனையே பாக்கல. அப்புறம் இட்லி. அப்புறம் மியூசியம். அங்கதான் ஆரம்பிச்சுச்சு. பெரிய பெரிய எலும்புக்கூடு, கற்சிலை, ஒவ்வொரு கட்டடமா ஏறி இறங்கணும். பையன் பாதியில, "அப்பா, கால் வலிக்குது, இங்கனயே உக்காரலாம்பா"ன்னான். உக்காந்தா நேரம் போயிரும்ல? அடுத்து கிண்டியில சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. சாயங்காலம் கலங்கரை விளக்கம். எல்லாம் மனசுக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.

தமயந்தி வந்து, "இருமுறான், அந்த மருந்தை எடுங்க"ன்னா.

"மூச்சு நல்லாத்தானே இருக்கு? நடந்தாச் சரியாயிரும்"னேன்.

"சத்தம் கேக்குதுங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

நிசமாவே கேக்கல சார். கேட்டிருந்தாக் கொடுத்திருக்க மாட்டேனா? அவ மறுபடி கையை நீட்டினா. பத்துப் பேரு சுத்தி நிக்கிறாங்க. "கொஞ்சம் சும்மா வர்றியா"ன்னேன். சும்மா வந்தா. எப்பவும் அப்படித்தான், ஒரு தடவைக்கு மேல பேச மாட்டா. நல்ல பழக்கம் அது.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தோம். ஆட்டோ எதுக்கு, பக்கம்தானேன்னு நான்தான் சொன்னேன். வெயில் சரியான வெயில். மின்சார ரயில் பிளாட்பாரத்துல கூட்டம்னா கூட்டம். வண்டி வந்து நின்னா ஒரு நிமிசம்கூட நிக்காது, ஏறுறவன் ஏறுவான், இறங்குறவன் இறங்குவான். முன்கூட்டியே சொன்னேன். நான் நிவேயைப் பிடிச்சுக்கிறேன், நீ தம்பியைப் பிடிச்சுக்கோ, என் பின்னாலேயே வா. திரும்பிப் பாக்காதே, யோசிக்காதே, ஏறிடு. நிவேன்னா நிவேதிகா, என் மக. அஞ்சாவது முடிச்சிட்டா.

வண்டி வந்துச்சு. நான் நிவே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறிட்டேன். ஏறித் திரும்பிப் பாக்குறேன், பின்னால வேற யாரோ நிக்கிறான். அவ இல்ல.

பிளாட்பாரத்துல நிக்கிறா சார். பையன் அப்படியே தரையில குத்தவச்சு உக்காந்துட்டான். ரெண்டு கையையும் முழங்கால்ல ஊணிக்கிட்டு. இவ குனிஞ்சு அவனைத் தூக்கப் பாக்குறா. "ஏறு! ஏறு!"ன்னு கத்துறேன். எனக்கும் வாசலுக்கும் நடுவுல பத்துப் பேரு. வண்டி நகர்ந்துருச்சு.

குதிச்சிருக்கலாம்னு நினைப்பீங்க. குதிக்கக்கூடாது சார், அது பெரிய தப்பு. நான் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறது அது. நான் சரியாத்தான் செஞ்சேன். கூட்டத்துக்கு மேல எட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்: "அங்கேயே நில்லு! அங்கேயே நில்லு!"

நிவே அழ ஆரம்பிச்சுட்டா. "அப்பா, தம்பி கீழ உக்காந்துட்டான்பா. அவனுக்கு முடியலப்பா."

"நடிப்பு. நடக்கச் சோம்பேறித்தனம்."

"இல்லப்பா. இழுப்பு வந்தா அப்படித்தான் உக்காருவான்."

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? அவ அம்மாதான் சொல்லிக் கொடுத்திருப்பா.

அடுத்த ஸ்டேஷன் சேத்துப்பட்டு. இறங்கி, படி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்பிப் போற வண்டிக்கு நிக்கிறோம். அப்பத்தான் போன் அடிச்சுச்சு. தெரியாத நம்பர். கட் பண்ணிட்டேன்.

சார், தெரியாத நம்பரை நான் எடுக்கவே மாட்டேன். எங்க பள்ளிக்கூடத்துல தமிழய்யா ஒருத்தரு இப்படித்தான் எடுத்தாரு. பேங்க்ல இருந்து பேசுறோம்னு தேனாப் பேசி, சேத்து வச்சதையெல்லாம் வழிச்சிட்டுப் போயிட்டான். அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல எழுந்து நின்னு சொன்னேன், தெரியாத நம்பரா, கட் பண்ணு, மறுபடி வந்தா பிளாக் பண்ணு. எல்லாரும் ஆமான்னாங்க.

நிவே என் கையைப் பிடிச்சு ஆட்டுறா. "அப்பா, எடுங்கப்பா. அம்மாவா இருக்கும்."

"அம்மா போன் என் பையில இருக்கு. அம்மா எப்படிக் கூப்பிடுவா? மூளையை உபயோகி."

மறுபடி அடிச்சுச்சு. கட் பண்ணேன். மறுபடியும். எனக்கு இருக்கிற பதட்டத்துல எவனோ கடன் வேணுமான்னு கேக்குறான்னு நினைச்சு, பிளாக் பண்ணிட்டேன்.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? நீங்களா இருந்தா எடுத்திருப்பீங்களா? சும்மா சொல்லாதீங்க.

திரும்பி எழும்பூர் வந்தோம். எந்த இடத்துல நின்னாளோ அதே இடம். எனக்கு நல்லா அடையாளம் தெரியும், பக்கத்துல தண்ணிக் குழாய் இருந்துச்சு. அவ இல்ல. பையன் இல்ல. பிளாட்பாரத்தோட இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஓடினேன். நிவே பின்னாலேயே ஓடி வர்றா. பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்க முகத்தையெல்லாம் பாத்தேன். கடைக்காரர்கிட்ட கேட்டேன், "ஒரு அம்மா, சின்னப் பையனோட, இங்க நின்னாங்களா?" அவரு, "எத்தனையோ அம்மா நிக்கிறாங்க சார்"னு டீயை ஆத்திக்கிட்டே சொன்னாரு.

பிளாட்பார விளிம்புக்குப் போய்த் தண்டவாளத்தை எட்டிப் பாத்தேன்.

அது எதுக்குப் பாத்தேன்னு கேக்காதீங்க. பாத்தேன், அவ்வளவுதான். ஒண்ணும் இல்ல. கல்லு, பிளாஸ்டிக் பாட்டில். நிமிர்ந்தா நிவே என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. "எதைப்பா பாக்குறீங்க?"ன்னா. "ஒண்ணும் இல்ல, நீ தள்ளி நில்லு"ன்னேன். கோவம்தான் வந்துச்சு எனக்கு. அங்கேயே நில்லுன்னு சொன்னா நிக்க வேண்டியதுதானே? கையில காசில்ல, போனில்ல, ஊரு தெரியாது. எங்க போவா? எதை நம்பிப் போனா?

போலீஸ் ரூமுக்குப் போனேன். ஒரு பொம்பளைப் போலீஸ் உக்காந்திருந்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க. உக்காருங்க சார், தண்ணி குடிங்கன்னாங்க.

"என்ன டிரெஸ் போட்டிருந்தாங்க?"

"பச்சைச் சேலை."

நிவே, "இல்லப்பா. ஊதாச் சுடிதார்"னா.

அந்தம்மா என்னைப் பாத்தாங்க, நிவேயைப் பாத்தாங்க. ஊதாச் சுடிதார்னு மைக்ல சொல்லச் சொன்னாங்க. அப்புறம் பையனைக் கேட்டாங்க. "பையன் என்ன போட்டிருந்தான்?" நான் யோசிக்கிறதுக்குள்ள இவ சொல்லிட்டா, மஞ்ச பனியன், முன்னாடி டிராக்டர் படம், கால்ல நீலச் செருப்புன்னு. எனக்கும் தெரியும், பதட்டத்துல வரல.

"மனைவி போட்டோ இருக்கா சார்?"

என் போன்ல தேடினேன். ஸ்போர்ட்ஸ் டே, அணிவகுப்பு, கப்பு வாங்கின படம், கலெக்டர் வந்த படம். தள்ளித் தள்ளிப் பாக்குறேன், எல்லாம் அதான். நிவே என் பையைத் திறந்து அம்மா போனை எடுத்துட்டா. "இதுல இருக்கும்"னா. அதைத் திறக்கிற கோடு எனக்குத் தெரியாது. அவ சரசரன்னு வரைஞ்சா, திறந்துருச்சு. போட்டோவை எடுத்துக் காட்டுறதுக்குள்ள போன் டிங் டிங்குன்னு அடிக்க ஆரம்பிச்சுச்சு. அணைஞ்சிருந்தப்ப வந்த போனுக்கெல்லாம் மெசேஜ் வரும்ல, அது. ஒண்ணு மேல ஒண்ணா வருது.

இவ அதைப் பாத்தா. என் போனைப் பிடுங்கி, ரெண்டையும் அந்த மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வச்சா.

"அப்பா. ஒரே நம்பர்பா."

நான் பாத்தேன். கடைசி நம்பர் ஒண்ணு மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா இப்பல்லாம் கும்பலாப் பண்றான் சார், ஒரே வீட்டுல இருக்கிற எல்லா போனுக்கும் அடிப்பான். அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள இவ அம்மா போன்ல அந்த நம்பரை அமுக்கிட்டா.

"நிவே, வை அதை."

"இருங்கப்பா."

"வையின்னா வை! கண்ட நம்பருக்கெல்லாம் அடிச்சு..."

லேசா ஒரு தட்டுத் தட்டினேன் சார். கன்னத்துல. லேசாத்தான். ஸ்டேஷனே சுத்துது எனக்கு, என்ன செய்யுறேன்னு தெரியாத நேரம். அந்தப் போலீஸம்மா, "சார்!"னு எழுந்துட்டாங்க. இவ போனைக் கீழ விடல. காதுல இருந்து எடுக்கவே இல்ல. கண்ணுல தண்ணி ஓடுது, குரல் மட்டும் தெளிவா இருக்கு. "ஹலோ, நான் நிவேதிகா பேசுறேன். எங்க அம்மா உங்ககிட்ட இருக்காங்களா?"ன்னா.

அப்புறம் கேட்டுக்கிட்டே இருந்தா. "எந்த ஆஸ்பத்திரி?"ன்னா. "தம்பி பேசுறானா?"ன்னா. "வர்றோம்"னா.

நான் கையை நீட்டினேன், எங்கிட்ட கொடுன்னு. கொடுக்கல. கட் பண்ணி, தன் பாவாடைப் பையில போட்டுக்கிட்டா.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே பிள்ளைகளுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி. நான்தான் கூட்டிட்டுப் போனேன். போனேன்னா, அவ முன்னால ஓடினா, நான் பின்னால. ரோட்டைத் தாண்டும்போதுகூட என் கையைப் பிடிக்கல. வழியில ஆளுக்கு ஆள் கேட்டு, அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிச்சு, உள்ள எந்தப் பக்கம்னு கேட்டு, எல்லாம் அவதான். பயம் இல்லாத பிள்ளை. அது எங்கிட்ட இருந்து வந்தது.

உள்ள போனா, கட்டில்ல உக்காந்திருக்கான் பையன். மூக்கு வாயெல்லாம் மூடி ஒரு குப்பி, அதுல இருந்து புகை புகையா வருது. மஞ்ச பனியனைக் கழட்டியிருக்காங்க. நெஞ்சு, சார்... விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள போய் உள்ள போய் வருது. கோழிக்குஞ்சு மாதிரி. தமயந்தி அவன் பின்னால உக்காந்து முதுகைத் தாங்கிப் பிடிச்சிருக்கா. பக்கத்துல கைப்பையும் டிபன் டப்பாவுமா வேற ஒரு பொம்பளை. அந்தத் தெரியாத நம்பர் அவங்களோடதுதான். ஜெசிந்தான்னு பேரு, ஏதோ துணிக்கடையில வேலை. பிளாட்பாரத்துல நின்னவங்க. இவ பையனைத் தூக்க முடியாம நிக்கிறதைப் பாத்து, அவங்களே தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்திருக்காங்க. நேத்து வேலைக்கே போகல போல.

நான் கிட்ட போனேன். நிம்மதி சார், சொல்ல முடியாத நிம்மதி. அந்த நேரத்துல வாயில என்ன வருதோ அதுதான் வரும். "அங்கேயே நில்லுன்னு சொன்னேன்ல?"ன்னேன்.

தமயந்தி பையன் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா. அந்த ஜெசிந்தா அம்மாதான் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "உங்க நம்பரை அவங்க மனப்பாடமாச் சொன்னாங்க சார். பிள்ளை மூச்சு விட முடியாமக் கிடக்கு, இவங்க ஒரு நம்பர்கூடத் தப்பாமச் சொன்னாங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. தமயந்தி அவங்க கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. நானும் கும்பிட்டேன். பாத்தாங்களா என்னன்னு தெரியல.

டாக்டர் வந்துச்சு. சின்னப் பொண்ணு. "கடைசியா எப்ப மருந்து கொடுத்தீங்க?"ன்னு எங்கிட்ட கேட்டுச்சு.

"காலையில..."ன்னு ஆரம்பிச்சேன்.

"கொடுக்கல"ன்னா நிவே. "மியூசியத்துல அம்மா கேட்டாங்க. அப்பா நடந்தாச் சரியாயிரும்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பொண்ணு என்னை ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டே, "இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா கஷ்டம்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிருச்சு. டாக்டருங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க சார். பயமுறுத்தி வச்சாத்தான் நாம ஒழுங்கா இருப்போம்னு.

பையன் என்னைப் பாத்தான். அந்தக் குப்பியைக் கையால தள்ளிட்டு, "அப்பா, வையாதீங்க. நான் நடக்குறேன்"னான்.

...

தண்ணி இருக்கா சார் உங்ககிட்ட? கொஞ்சம் கொடுங்க.

சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தோம். அப்புறம் வீட்டுக்குப் போகலாம்னு விட்டுட்டாங்க. வெளிய வந்ததும் தமயந்தி என் தோள்ல இருந்து பையைக் கழட்டினா. கேக்கல, கழட்டினா. தன் போனு, பர்ஸு, மருந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா. பையைத் திருப்பி என் தோள்லயே மாட்டி விட்டா. அப்பத்தான் பேசினா.

"நீங்க சொன்னது கேட்டுச்சு. அங்கேயே நில்லுன்னீங்க. நின்னேன். நீங்க வந்துருவீங்கன்னு நின்னேன். இவன் உதடு நீலமாச்சு. அதுக்கப்புறம் நான் நிக்கல."

"சரி, விடு. நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல"ன்னேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நிவேகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

இதுதான் சார் எனக்கு ஆறல. நீங்களே சொல்லுங்க. நான் தேடலையா? அலையலையா? ஒரு பிள்ளையை நான் பத்திரமா வச்சிருந்தேன்ல? அதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. பெத்த பிள்ளைகிட்ட அப்பன் மன்னிப்புக் கேக்கணுமாம். அப்புறம் நாளைக்கு அது என் பேச்சைக் கேக்குமா? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பிடிச்சது மாம்பழம்னு நினைச்சு அதை வாங்கினேன். வேண்டாம்னா. நல்லதனமாத்தான் சொன்னா, "வேண்டாம்பா, தம்பி முன்னாடி சாப்பிட்டா அவனும் கேப்பான்"னு. அது உருகி என் கையில வழிஞ்சுச்சு. குப்பைத் தொட்டியில போட்டேன்.

இன்னைக்கு மகாபலிபுரம் போறதா இருந்துச்சு. நாளைக்குத்தான் ஊருக்கு. காலையில நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள மூணு பேரும் குளிச்சுக் கிளம்பி, பெட்டியை மூடி வச்சு உக்காந்திருக்காங்க. டிக்கெட்டை மாத்துங்கன்னா தமயந்தி. மாத்தினேன். எதுத்துப் பேசுற நேரமில்ல அது, எனக்கும் தெரியும். எல்லாம் ஊருக்குப் போனாச் சரியாயிரும். ரெண்டு நாள். மிஞ்சிப் போனா ஒரு வாரம். அவ அப்படியெல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கிற ஆளு இல்ல.

இருங்க, பையன் வர்றான்.

வாடா. என்னடா, அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா? வா, ஏறு. இந்தா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டான், கூச்சம். என்ன? ...பாம்புப் பண்ணையா? பாக்கலைல்ல? அடுத்த லீவுக்குப் போவோம். ஆமா, கண்டிப்பா. மலைப்பாம்பும் இருக்கும். ...ம். ...ம். அதுவும் இருக்கும். சாஞ்சுக்க. காலை நீட்டிக்க, மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

நேத்து முழுக்க அலைஞ்சதுல அசதி. பாருங்க, அதுக்குள்ள கண்ணு சொருகுது.

...தூங்கிட்டான்.

சார். கொஞ்சம் பேசாம இருங்க.

இல்ல, மூச்சு. ஒரு மாதிரி வருது. உங்களுக்குக் கேக்குதா? வண்டிச் சத்தத்துல ஒண்ணும் புரியல. மேல போகுது, கொஞ்சம் நிக்குது, அப்புறம் கீழ வருது. இது எப்பவும் வர்றதா, இல்ல அந்தச் சத்தமா? எனக்கு... எனக்குத் தெரியல சார். எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்ல. நேத்து மியூசியத்துலயும் இதே மாதிரித்தான் இருந்திருக்குமோ? நான் எழுந்தா முழிச்சுக்குவான். நீங்க கொஞ்சம் அவளைக் கூப்பிடுங்களேன். தமயந்தின்னு கூப்பிடுங்க. பரவாயில்ல, பேரைச் சொல்லியே கூப்பிடுங்க. சத்தமா வேண்டாம், கிட்ட போய்ச் சொல்லுங்க. முகிலுக்கு மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க. சீக்கிரம் சார்.

வா. இங்க பாரு. இது சரியா இருக்கா? நீ கேட்டுப் பாரு.

...

சரி. ...ம். முதுகுலயா? இங்கனயா? ...கொஞ்சம் கீழயா? சரி. ...சரி.

போயிட்டா.

நீங்க கேட்டீங்கல்ல சார் அவ சொன்னதை? ஒண்ணும் இல்ல, சும்மா தூங்குறான்னு சொன்னா. காதை முதுகுல வச்சுக் கேக்கணுமாம். மூச்சை உள்ள இழுக்கும்போது இல்ல, வெளிய விடும்போதுதான் கவனிக்கணுமாம். கீச்சு கீச்சுன்னு வந்தா என்னைக் கூப்பிடுங்க, இல்லேன்னாக் கூப்பிடாதீங்கன்னா. நேத்துல இருந்து எங்கிட்ட இவ்வளவு பேசினது இப்பத்தான்.

அந்த வடைக்காரரு இந்தப் பக்கம் வந்தா, கத்த வேண்டாம்னு சொல்லுங்க சார். நீங்களும் தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இறங்குற திண்டுக்கல் வரைக்கும் நான் பேசல. இவன் முதுகுல காதை வச்சுக்கிறேன்.